பேச்சின் எடை

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

முன்னுரை

சந்தைக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய அளவு ஒன்று உண்டு. எங்கள் கொல்லிமலையில் மிளகை எடைபோட்டு விற்கின்றோம். மரவள்ளிக் கிழங்கை மூட்டையாகக் கட்டிச் சமவெளிக்கு அனுப்புகின்றோம். பலாப்பழத்தை எண்ணிக் கொடுக்கின்றோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் பேருந்தில் தூரத்தைக் கொண்டு கட்டணம் வாங்குகின்றனர். அளவு மாறினால் கணக்கு மாறும். கணக்கு மாறினால் ஒருவர் மடியில் இருக்க வேண்டிய காசு மற்றொருவர் மடிக்குப் போய்ச் சேரும்.

அவ்வாறாயின், செல்பேசியில் நாம் பேசும் பேச்சுக்கு உரிய அளவு யாது? நிமிடமா? மெகாபைட்டா? அல்லது ரீசார்ஜ் செய்த பின் எண்ணிக் கழியும் நாட்களா? கடையில் 'எத்தனை நிமிடம், எத்தனை ஜி.பி., எத்தனை நாள்' என்று மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கின்றனர். இம்மூன்றில் எது நம் வீட்டுக்குக் குறைவாக இருக்கின்றது என்று அறிந்தால், குறைந்த காசில் நிறையப் பேச முடியும். அறியாவிட்டால், வேண்டாததை வாங்கி வேண்டியதற்குத் தவிக்க நேரும்.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். வீட்டுக்கும் விடுதிக்கும் இடையே உள்ள ஒரே பாலம் செல்பேசி. என் வீட்டில் அம்மா மலைமேல் பட்டன் போன் வைத்திருக்கின்றார், அண்ணன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டச் சென்றிருக்கின்றார், நான் விடுதியில். மூவர், மூன்று எண்கள், மூன்று ரீசார்ஜ். இத்தகைய வீடுகளுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், வகுப்பில் கற்ற இயற்பியலைக் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்க முற்படுகின்றேன்.

நிமிடம் என்ற அளவு எங்கிருந்து வந்தது?

பழைய தொலைபேசியில் இருவர் பேசும்போது, ஒருவர் கருவியிலிருந்து மற்றவர் கருவி வரை ஒரு வழி முழுவதும் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அவர்கள் பேசினாலும், பேச்சற்று விம்மினாலும், அந்த வழியில் வேறொருவர் நுழைய முடியாது. வாடகைக்கு அமர்த்திய வேன் போன்றது அது. வேனில் ஒருவர் ஏறினாலும் பத்துப்பேர் ஏறினாலும் வாடகை ஒன்றே, நேரமே கணக்கு. ஆகவே நிமிடம் என்பது அக்காலத்துக்கு நியாயமான அளவு.

இந்தியாவில் இடையில் ஆபரேட்டர் இன்றி வெளியூருக்கு நேரே எண் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960ஆம் ஆண்டு கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலில் வந்தது. அதன் பின்னர்த் தெருவுக்குத் தெரு வந்த எஸ்.டி.டி. பூத்துகளில், இரவில் கட்டணம் குறையும் என்பதற்காக வரிசையில் காத்து நின்று பேசியதைப் பெரியவர்கள் இன்றும் கூறுவர். பேச்சு அதேதான், குரல் அதேதான். வழி காலியாக இருக்கும் நேரத்தில் விலை குறைந்தது, அவ்வளவே.

1995 ஜூலை 31ஆம் நாள் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு சென்றது. அந்நாளில் அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003இல்தான் 'அழைப்பவரே கட்டணம் செலுத்துவர்' என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாகவே மிஸ்டு கால் என்னும் கலை நம் நாட்டில் வளர்ந்தது. ஒரு மணி அடித்து நின்றால் 'வந்து சேர்ந்தேன்'. இரு மணி என்றால் 'திரும்பக் கூப்பிடு'. காசில்லாதவர் தம் அறிவால் அமைத்துக்கொண்ட தந்தி முறை இது எனலாம்.

குரல் பொதியாகும் விதம்

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். நம் குரல் காற்றில் அலையாகச் செல்கின்றது. தொலைபேசிக்கு வேண்டிய பகுதி ஏறத்தாழ வினாடிக்கு 300 முதல் 3400 அதிர்வுகள் வரை. ஓர் அலையைச் சிதையாமல் எண்களாக மாற்ற வேண்டுமானால், அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை அளந்து பார்க்க வேண்டும் என்பது நாம் பாடத்தில் கற்ற விதி. எனவே வினாடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதினர். 8000ஐ 8ஆல் பெருக்க 64,000 பிட். இதுவே நெடுங்காலம் ஒரு தொலைபேசிக் குரலின் எடையாக இருந்தது.

பின்னர் வந்த அறிஞர்கள், குரலில் திரும்பத் திரும்ப வருவனவற்றையும் காது பொருட்படுத்தாதவற்றையும் நீக்கி எழுதும் முறைகளைக் கண்டனர். 2012இல் பொதுத்தரமாக வெளியிடப்பட்ட ஓபஸ் என்னும் முறை அவற்றுள் ஒன்று. இதில் 24,000 பிட்டிலேயே, பழைய 64,000 பிட் குரலைவிடத் தெளிவான குரலைப் பெறலாம்.

இவ்வாறு சுருக்கிய குரலைச் செயலி தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு ஒரு கட்டாகக் கட்டி, முகவரி எழுதி அனுப்புகின்றது. இக்கட்டுக்குத் தமிழில் 'பொதி' என்று பெயர். சாலை வருமுன் மலைவழியில் விலங்குகளின் முதுகில் பொதி ஏற்றியதை நினைத்துக்கொள்க. பொதிகள் தனித்தனியே செல்லும். வழியில் மற்றவர் பொதிகளோடு கலந்து செல்லும். சேருமிடத்தில் வரிசைப்படுத்தப்பட்டு மீண்டும் குரலாகும். வேன் அமர்த்துவதற்குப் பதிலாகப் பேருந்தில் ஓர் இருக்கைக்கு மட்டும் சீட்டு வாங்குவது போன்றது இது.

பொதியின் எடையை இப்போது கணக்கிடுவோம். 24,000 பிட்டை 50ஆல் வகுத்தால் 480 பிட். அதாவது 60 பைட். முகவரி முதலிய தலைப்புக்கு 40 பைட். ஆக ஒரு பொதி 100 பைட். வினாடிக்கு 50 பொதி என்றால் 5000 பைட். ஒரு நிமிடத்துக்கு 3,00,000 பைட், இது 0.3 மெகாபைட். நாம் பேசுவது ஒருபுறம் செல்ல, எதிரில் உள்ளவர் பேசுவது மறுபுறம் வருகின்றது. இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 0.6 மெகாபைட். செயலிக்குச் செயலி இது கூடும், குறையும். ஆகவே நினைவில் வைக்க எளிதாக, சற்றுத் தாராளமாகவே, 'ஒரு நிமிடம் பேச ஒரு மெகாபைட்' என்று கொள்வோம்.

கைக்கணக்கு

மலிவான ஒரு திட்டத்தில் 200 நிமிடப் பேச்சும் 3 ஜி.பி. நெட்டும் தருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். 200 நிமிடம் நாளொன்றுக்கு ஏழு நிமிடம் கூட வராது. ஆனால் 3 ஜி.பி. என்பது 3000 மெகாபைட். நம் கணக்கின்படி 3000 நிமிடம். அதாவது 50 மணி நேரம். ஒரே திட்டத்தில், ஒரே விலையில், நிமிடப் பையில் இருப்பதைப் போல் 15 மடங்கு பேச்சு நெட் பையில் இருக்கின்றது. வாட்ஸ்அப் போன்ற செயலி வழியாகப் பேசுவோர் இந்த இரண்டாம் பையிலிருந்து எடுத்துச் செலவிடுகின்றனர். இதுவே இத்தந்திரத்தின் முழு இரகசியம்.

இது கற்பனைக் கணக்கு மட்டுமன்று. அண்மைக் காலத்திலேயே நம் நாட்டில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் எண்ணிலிருந்து மற்றொரு நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசினால், முன்னது பின்னதற்கு இணைப்புக் கட்டணம் தரும் முறை இருந்தது. அது நிமிடத்துக்கு 14 காசாக இருந்து, 2017 அக்டோபர் முதல் 6 காசாகக் குறைந்தது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ, பேச்சு முற்றிலும் இலவசம் என்று கூறி வந்தது. ஆனால் 2019 அக்டோபர் 10 முதல், வேறு நிறுவனத்துச் செல்பேசிகளுக்குப் பேசினால் நிமிடத்துக்கு 6 காசு என்று அறிவித்தது. செயலி வழிப் பேச்சுக்கு அக்கட்டணம் இல்லை.

அதற்கென விற்கப்பட்ட 10 ரூபாய் டாப்-அப்பில் கிடைத்தவை: 124 நிமிடப் பேச்சு, அத்துடன் ஈடாக 1 ஜி.பி. நெட். நண்பர்களே, இங்குச் சற்று நின்று பாருங்கள். விலைக்கு வாங்கியது 124 நிமிடம். ஈடாக வந்த 1 ஜி.பி.யிலோ 1000 நிமிடம் பேசலாம்! கொசுறு, வாங்கிய பொருளைப் போல் எட்டு மடங்கு. இணைப்புக் கட்டணம் 2021 ஜனவரி 1 முதல் நீங்கியது. அந்த 6 காசும் அன்றோடு நீங்கியது. ஆயினும் அவ்வொன்றேகால் ஆண்டு நமக்கு ஒரு பாடம் தந்தது: நிமிடத்தின் விலை இயற்கை விதித்ததன்று, நிறுவனங்களும் அரசும் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு.

இவ்வாறு பேசுவது சட்டப்படி சரிதானா என்று சிலர் வினவலாம். இந்தியாவில் இணையவழிப் பேச்சு 2002 ஏப்ரல் முதல் அனுமதிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் ஒரு பெரிய நிறுவனம் செயலிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் விதிக்க முனைந்து, எதிர்ப்பு எழவே கைவிட்டது. அதனைத் தொடர்ந்து நாடெங்கும் பெரும் விவாதம் நடந்து, 2016 பிப்ரவரி 8இல், எதற்காக நெட்டைப் பயன்படுத்துகின்றோம் என்பதைப் பார்த்து விலையை மாற்றக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி செய்தது. எல்லா நாடுகளிலும் இந்நிலை இல்லை. துபாய் உள்ளிட்ட ஐக்கிய அரபு நாட்டில் வாட்ஸ்அப் பேச்சுக்குத் தடை இருப்பதை, அங்குப் பணிபுரியும் நம்மவர் அறிவர். அனுமதி பெற்ற செயலிகள் வழியாகவே அவர்கள் ஊருக்குப் பேசுகின்றனர்.

இருபுறச் செலவு

செயலிப் பேச்சில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு. சாதாரண அழைப்பில் அழைப்பவரே செலவை ஏற்கின்றார். செயலியிலோ இருவர் பையிலிருந்தும் நெட் கழிகின்றது. விடுதியிலிருந்து மகன் ஒரு மணி நேரம் பேசினால், அவனுக்கு 60 மெகாபைட் செலவாவது போலவே, மலைமேல் இருக்கும் தாய்க்கும் 60 மெகாபைட் செலவாகும். அவரிடம் நெட் இல்லாவிட்டால் அழைப்பே போய்ச் சேராது. நம் சிக்கனம் அவருக்குச் செலவாக மாறிவிடக்கூடாது.

அன்றியும், இன்று பெரும்பாலான திட்டங்களில் நிலைமை தலைகீழாகிவிட்டது. பேச்சுக்கு நிமிட வரம்பு இல்லை. நெட்டுக்கே நாள்வரம்பு உண்டு. அத்தகைய திட்டம் இருக்குமானால் ஊருக்குப் பேசச் செயலி தேவையே இல்லை. சாதாரண அழைப்பே சிக்கனம். அங்கே குறைவாக இருப்பது நிமிடமும் அன்று, மெகாபைட்டும் அன்று, நாள். 28 நாள் திட்டமெனில், ஆண்டின் 365 நாளுக்கு 13 தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டும். மாதம் பன்னிரண்டு, ரீசார்ஜ் பதின்மூன்று! இதனைக் கருதியே 30 நாள் திட்டம் ஒன்றேனும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் பணித்தது.

பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர், தமக்குப் பயன்படாத நெட்டுக்கும் சேர்த்தே காசு கொடுக்க வேண்டியிருந்தது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டத்தையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. அத்தகைய சிறப்புத் திட்டங்களின் காலமும் 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டிக்கப்பட்டது. கடைக்காரர் தாமாகச் சொல்லாவிட்டாலும், 'பேசுவதற்கு மட்டும் உள்ள திட்டம் எது?' என்று நாம் கேட்டு வாங்க வேண்டும்.

மலை செய்யும் தடை

இதுவரை கூறியவை காகிதக் கணக்கு. கொல்லிமலையில் இக்கணக்கோடு மலையும் சேர்ந்துகொள்கின்றது. செல்பேசி அலைகள் நேர்கோட்டில் செல்ல விரும்புவன. குன்றின் விளிம்பில் ஓரளவே வளையும். அலைநீளம் மிகுந்தால் வளைவும் மிகும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 13 சென்டிமீட்டர் மட்டுமே. ஆதலால் செம்மேட்டில் நின்றால் நன்றாகக் கிடைக்கும் 4ஜி, பள்ளத்தில் உள்ள சிற்றூரில் இறங்கினால் மறைந்து, பழைய 2ஜி மட்டும் எஞ்சுவதுண்டு. 2021இல் இணைய வகுப்புக்காக, கொல்லிமலை அடிவாரத்துப் பெரப்பஞ்சோலை மாணவர்கள் ஆலமரக் கிளைகளில் ஏறி அமர்ந்ததை நாளேடுகள் படத்துடன் வெளியிட்டன. அவர்கள் ஏறியது விளையாட்டுக்காக அன்று. அலை எட்டும் உயரத்தைத் தேடியே.

நம் கணக்குப்படி ஒருபுறம் செல்ல வினாடிக்கு 5000 பைட், அதாவது 40,000 பிட் வேண்டும். 2ஜியில் இது தடையின்றிக் கிடைப்பது அரிது. செயலி தானே குரலை மேலும் சுருக்கிக்கொள்ளும். 6000 பிட்டுக்குச் சுருக்கினால் குரல் 15 பைட். தலைப்போ அதே 40 பைட். கடிதத்தைவிட உறை கனமாகிவிடுகின்றது! எனவே ஓர் எல்லைக்கு மேல் சுருக்கிப் பயனில்லை. பொதி வந்து சேர 0.15 வினாடிக்கு மேல் தாமதமானால், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒருவரை ஒருவர் தடுத்துக்கொள்ளும் நிலை வரும்.

மற்றொன்றையும் நேர்மையாகக் கூற வேண்டும். இன்றைய 4ஜி சாதாரண அழைப்பும் உள்ளே பொதிகளாகவே செல்கின்றது. ஆனால் டவர் அப்பொதிகளுக்கு முதலிடம் தருகின்றது. செயலியின் பொதிகளுக்கு அம்மரியாதை இல்லை. திரைப்படம் பார்ப்பவர் பொதிகளோடு வரிசையில் நிற்க வேண்டும். ஆடி 18இல் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் பெருங்கூட்டம் மலையேறும் நாளில் செயலிப் பேச்சு அறுபடுவதற்கு இதுவே காரணம். ஆகவே சாதாரண அழைப்புக்கு நாம் கொடுக்கும் காசு வெறும் பைட்டுக்கன்று. வழியில் தரும் முதலிடத்துக்கும் சேர்த்தே.

டவர் எட்டாத வீட்டில் ஃபைபர் இணைப்பு வந்திருந்தால் இன்னொரு வழி உண்டு. வைஃபை காலிங் என்னும் வசதியை 2019 டிசம்பர் முதல் நம் நாட்டில் நிறுவனங்கள் தரத் தொடங்கின. இதில் செயலி வேண்டியதில்லை. நம் எண்ணிலிருந்தே வைஃபை வழியாக எந்த எண்ணுக்கும் பேசலாம். எதிரில் இருப்பவர் பட்டன் போன் வைத்திருந்தாலும் மணி அடிக்கும். செல்பேசியில் அவ்வசதி இருக்கின்றதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செயலியால் ஆகாதது

பேச்சை நீட்டிக்கும் ஆர்வத்தில் ஒன்றை மறந்துவிடலாகாது. 2008இல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்சை வாட்ஸ்அப்பில் அழைக்க முடியாது. பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும் பாம்பு தீண்டியவருக்கும் 70 வளைவுகள் இறங்குவதே பெரும்பாடு. அதற்குமுன் அழைப்புப் போய்ச் சேர வேண்டும். ஆகவே வீட்டில் ஓர் எண்ணாவது எப்போதும் சாதாரண அழைப்புக்கு உயிரோடு இருக்க வேண்டும். ஓர் எண்ணைத் தொடர்ந்து 90 நாள் எவ்வகையிலும் பயன்படுத்தாவிட்டால் அதனை நிறுவனம் முடக்கலாம். கணக்கில் 20 ரூபாயேனும் இருப்பு இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணைக் காக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் விதி. வங்கிக் கணக்கும், ஆதாரும், கல்வி உதவித்தொகையும் அந்த எண்ணோடு பிணைந்திருப்பதால், எண்ணை இழப்பது பேச்சை மட்டும் இழப்பதாகாது.

வீட்டுக்குச் சில விதிகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பின்வருமாறு கூறலாம்.

1. திட்டத்தில் நிமிடம் எண்ணித் தரப்பட்டிருந்தால், நெட் உள்ளவரோடு செயலியில் பேசுக. எண்ணித் தந்த நிமிடங்களைப் பட்டன் போன் வைத்திருப்பவர்க்கும், அலுவலகத்துக்கும், மருத்துவமனைக்கும் சேமித்து வைக்க.

2. திட்டத்தில் பேச்சு வரம்பின்றி இருந்தால், நெட்டைப் பாடத்துக்கு வைத்துக்கொண்டு சாதாரண அழைப்பில் பேசுக.

3. நெட் குறைவாக இருக்கும்போது முகம் பார்த்துப் பேசுவதைத் தவிர்க்க. ஒரு பக்கத்துக்கு வினாடிக்கு 5,00,000 பிட் என்று கொண்டாலும், படத்தோடு பேச நிமிடத்துக்கு 7.5 மெகாபைட் ஆகும். 1000 நிமிடம் பேசக்கூடிய 1 ஜி.பி., 133 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

4. செயலியின் அமைப்பில் 'அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா' என்னும் பொருள்படும் விருப்பம் இருந்தால் அதனை இயக்கி வைக்க. நாம் அறியாமல் பின்னணியில் இறங்கும் படங்களையும் நிறுத்தி வைக்க.

5. வெளிமாநிலத்தில் இருப்பவர் எந்நேரம் அழைப்பார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்க. அந்நேரத்துக்கு வீட்டார் அலை கிடைக்கும் மேட்டில் இருக்கலாம்.

6. வீட்டில் மூத்தவர்க்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்பதைப் படித்த பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்க.

முடிவுரை

கம்பிக்காலத்தில் பிறந்த நிமிடம் என்னும் அளவு, கம்பி மறைந்த பின்னும் விலைப்பட்டியலில் வாழ்கின்றது. நம் குரலின் உண்மையான எடை மிகச் சிறிது. நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. ஆயினும் அந்தச் சிறிய எடை மலையிலிருந்து இறங்கி மற்றொருவர் காதைச் சேர, டவரும், ரீசார்ஜும், நாட்கணக்கும், எதிரில் இருப்பவர் கையிலுள்ள கருவியும் ஒத்துழைக்க வேண்டியிருக்கின்றது.

4ஜி எட்டாத 24,680 சிற்றூர்களுக்கு அதனைக் கொண்டுசேர்க்க 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. டவர் எழுப்புவது அரசின் பணி. விலைக்கு நெறி வகுப்பது ஆணையத்தின் பணி. அளவைப் புரிந்துகொண்டு நம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது நம் பணி. நம் பெற்றோர் மிளகு மூட்டையைத் தராசில் வைக்கும்போது, முள் எங்கே நிற்கின்றது என்று கண்ணிமைக்காமல் பார்ப்பர். அந்தப் பார்வை அவர்கள் நமக்குத் தந்த செல்வம். கல்லூரியில் கற்ற அறிவையும் அதனோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத இந்தத் தராசின் முள்ளையும் நாம் அவர்களுக்காகப் பார்த்துச் சொல்வோமாக.